வலிக்காத ஊசியும் வாடிக்கையாளர் நாற்காலியும்

தலைமைப் பொறுப்பேற்று, நான் வணக்கம் சொல்வதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, எனக்குத் துண்டுச் சீட்டு எழுதத் தயாராக இருக்கும் செயலாளர் அவர்களே! கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல்களோடு முன்வரிசையைப் பெருமைப்படுத்தும் மூத்தோர்களே! கடையையும் கவனித்து, அடுப்பையும் கவனித்து, இன்று இரண்டையும் கணவன்மாரிடம் ஒப்படைத்துவிட்டு, என்ன ஆகுமோ என்ற பதைப்போடு வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! சீப்பைச் சட்டைப் பையிலும் சிரிப்பை உதட்டிலும் வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! சிகையலங்காரத் தொழிலாளர் சங்கத்தின் சிங்கங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழிலில் தூய்மை'. நல்ல தலைப்பு. ஆனால் தரையைத் துடைப்பது எப்படி, துண்டைத் துவைப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? அதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. நான் பேச வந்தது கண்ணின் தூய்மை, கருத்தின் தூய்மை, கூட வேலை செய்கிறவரைப் பார்க்கும் பார்வையின் தூய்மை.

சுற்றி வளைக்கவில்லை. நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் சற்று நேரத்தில் இதே மேடையில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. தோல் நோய் வெளியே தெரிகிறவர்கள், முழுவதும் குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை, வாடிக்கையாளர் நாற்காலிக்கு அருகே நின்று வேலை செய்யக் கூடாது. இதுதான் தீர்மானம். அது நிறைவேறினால் சங்கத்தைச் சேர்ந்த எல்லாக் கடைகளையும் கட்டுப்படுத்தும். அதில் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் யாரை நினைத்து எழுதியது என்று இந்த அரங்கத்தில் அறியாதவர் உண்டா? என் தம்பியின் மனைவியை நினைத்து எழுதியது. நாமெல்லாம் பட்டாசு, பட்டாசு என்று கூப்பிடுகிறோமே, அவளை நினைத்து எழுதியது.

பட்டாசு என்று ஏன் பெயர் வந்தது என்று நான் விளக்க வேண்டுமா? வாயைத் திறந்தால் கடை அதிரும். தலை கலைந்து வருகிறவர் தலை திருத்திப் போவார். மனம் கலைந்து வருகிறவர் மனம் திருந்திப் போவார். என் தம்பியோ அவளுக்கு நேர்மாறு. பேச்சைக் கடன் வாங்கித்தான் பேச வேண்டும் என்பதுபோல வாழ்கிறவன். மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறான், பாருங்கள். நிமிர்ந்து உட்காரடா. உன்னைப் பற்றி நல்லதும் நாலு வார்த்தை சொல்வேன், கொஞ்சம் பொறு.

இருவரும் சேர்ந்து நடத்தும் சின்னக் கடை அது. பெரிய கண்ணாடி, அதற்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு நாற்காலிகள், ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. ஒருநாள் பட்டாசு ஒரு பெரியவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். வெயில் காலம், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள். பெரியவர் தோளில் போர்த்தியிருந்த கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாகச் சில செதில்கள் விழுந்தன. அவர் நிமிர்ந்தார். அவள் முழங்கையைப் பார்த்தார். சிவந்து, தடித்து, மேலே வெள்ளி பூத்ததுபோல் உரிந்துகொண்டிருந்தது. ஒட்டிக்குமா என்று கேட்டார். ஒட்டாது என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் துணியை உருவிப் போட்டுவிட்டு, ஒரு காதோரம் வெட்டியும் மறு காதோரம் வெட்டாமலும், தெருவில் இறங்கி நடந்தே விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான். பாதித் தலையோடு ஒருவர் தெருவில் கம்பீரமாக நடந்து போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் பட்டாசு சிரிக்கவில்லை. கத்தரியைத் துடைத்தாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தாள். மணிக்கட்டுவரை சட்டையை இழுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து பின்னறையில் துண்டு துவைக்கப் போய்விட்டாள். அவள் நாற்காலியில் வாரப் பத்திரிகைகளை அடுக்கி வைத்தான் என் தம்பி. வெடிக்காத பட்டாசை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

அந்த நோய்க்குப் பெயர் சொரியாசிஸ். இந்தப் பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் ஒருவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஐயா, பயப்படாதீர்கள். தொட்டால் ஒட்டாது, துண்டால் ஒட்டாது, கத்தரியால் ஒட்டாது, காற்றால் ஒட்டாது. அது கிருமி அல்ல. கிருமி இருந்தால்தானே தாவுவதற்கு? நம் உடம்பைக் காக்க உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படை ஆள் அடையாளம் தெரியாமல், சொந்தத் தோலையே பகைவன் என்று எண்ணிச் சண்டைக்குப் போகிறது. அதனால் தோல் சிவக்கிறது, தடிக்கிறது, அவசர அவசரமாக வளர்ந்து உதிர்கிறது. அழுக்கா அது? இல்லை. அசிங்கமா அது? இல்லை. அவள் செய்த தவறா அது? இல்லவே இல்லை.

களிம்பு தடவக் கூடாதா என்று கேட்பீர்கள். தடவினாள், தாய்மார்களே, காலையும் மாலையும் தடவினாள். ஆனால் தோல் அத்தனை தடித்துக் கிடக்கும்போது களிம்பு மேலேயே நின்றுவிடுகிறது. வாசலில் மூட்டை மூட்டையாய் அடுக்கி வைத்தால் வந்தவர் எப்படி வீட்டுக்குள் வருவார்? சரி, மாத்திரை, ஊசி? இருக்கின்றன. பலருக்கு நல்ல பலனும் தருகின்றன. ஆனால் முழங்கையில் இருக்கிற தொல்லைக்கு மருந்து உடம்பு முழுக்க ஊர்வலம் போக வேண்டியிருக்கிறது. இவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அவளைப் பார்த்துவந்த தோல் மருத்துவர் அம்மா ஒரு புது வழி சொன்னார். இன்னும் சோதனையில் இருக்கிற வழி. சோதனை என்பதை அழுத்திச் சொல்கிறேன், நாளைக்கே கடையில் போய்க் கேட்டுவிடாதீர்கள். அதன் பெயர் நுண்ணூசி ஒட்டு. பார்த்தால் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி இருக்கும். ஆனால் அதன் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கில் ஊசிகள். அட, ஊசி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் சொரசொரப்பாக மட்டும் இருக்கும். மருந்தையே கரையும் பசையோடு கலந்து ஊசியாக வார்த்திருக்கிறார்கள். அழுத்தி ஒட்டினால் தடித்த மேல்தோலைத் தாண்டும். வலி தெரியும் ஆழம்வரை போகாது. போன இடத்திலேயே கரையும். கரைந்த இடத்திலேயே மருந்து நிற்கும். ஊசி போன இடம் தெரியாது, ஊசியே மிச்சம் இராது. என்ன விந்தை இது. எத்தனை பேருடைய பொறுமை இது. முதல்முறை ஒட்டிக்கொண்டு வந்தவளிடம் வலித்ததா என்று கேட்டேன். "பூனை நக்கின மாதிரி இருந்துச்சுக்கா, அவ்வளவுதான்" என்றாள்.

அந்தச் சோதனையில் ஒரு முறை உண்டு. ஒரு முழங்கைக்கு மருந்து உள்ள ஒட்டு. மறு முழங்கைக்கு மருந்தே இல்லாத வெறும் ஒட்டு. உறைமேல் இடது, வலது என்று மட்டும் அச்சடித்திருக்கும். எதில் மருந்து என்பது அவளுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில்தான் பிரித்துப் பார்ப்பார்கள். ஏன் இந்த ஒளிவுமறைவு? ஆசையால் கண் ஏமாறக் கூடாது என்பதற்காக. மருந்து வைத்த முழங்கை ஆறியவர்களுக்கு மட்டும்தான் அடுத்த கட்டத்தில் இடம். அங்கே போனால் மற்ற இடங்களுக்கும் மருந்து கிடைக்கும். போகாவிட்டால் பழையபடி பின்னறை, பழையபடி துண்டு.

முதல் ஒட்டை மருத்துவமனையில் செவிலியர் ஒட்டிப் பழக்கிக் காட்டினார். பிறகு வாரா வாரம் வீட்டில். முழங்கைக்குத் தானே ஒட்டி அழுத்துவது கஷ்டம். ஒட்டும் பொறுப்பு என் தம்பிக்கு. சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு பக்கம், அவன் எதிர்ப்பக்கம். அவள் இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றி, முகத்தை உள்ளங்கைகளால் மூடிக்கொள்வாள். ஊசிக்குப் பயந்து அல்ல. தன் முழங்கையைத் தானே பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் பத்திரமாக, பக்குவமாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டுவான்.

ஆறியது, என் அன்புக்குரியவர்களே, ஆறியது. வலது முழங்கையில் செதில் குறைந்தது. தடிப்பு தணிந்தது. சிவப்பு வெளுத்தது. இடது முழங்கை அப்படியே இருந்தது. அதற்கென்ன, ஒன்றில்தானே மருந்து? ஒருநாள் பட்டாசு பின்னறையிலிருந்து என் தம்பியை ஏதோ கிண்டல் செய்து சிரித்த சத்தம் தெருவரை கேட்டது. நான் அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

குறித்த காலம் முடிந்தது. இருவரோடும் நானும் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் விவரத்தைப் பிரித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மருந்து இருந்தது இடது உறையில். வலது உறையில் இருந்தது வெறும் ஒட்டு. மருந்து வைத்த கை ஆறவில்லை, வைக்காத கை ஆறிவிட்டது என்று ஆகிவிட்டது. அப்படியானால் இந்த மருந்து இவளுக்கு வேலை செய்யவில்லை என்றுதான் எழுத வேண்டும், அடுத்த கட்டத்தில் சேர்க்க முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். பட்டாசு சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள்.

அப்போது பேசினான் என் தம்பி. சொன்னேனே, நல்லதும் வரும் என்று. "டாக்டர், அப்ப இவளுக்கு ஆறினது பொய்யா?" என்றான்.

"ஆறினது நிஜம்தான். ஆனா எது ஆத்துச்சுன்னு எனக்குத் தெரியலை. தெரியாம நான் எழுதக் கூடாது" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் எப்படி ஒட்டுவீர்களோ அப்படியே இங்கே செய்து காட்டுங்கள் என்று மேசையைக் காட்டினார்.

அவள் ஒரு பக்கம் உட்கார்ந்தாள், அவன் எதிர்ப்பக்கம். முழங்கையை ஊன்றினாள், முகத்தை மூடினாள். அவன் இடது என்று போட்ட காலி உறையை எடுத்து, தன் இடது கைப்பக்கம் இருந்த முழங்கையில் வைத்து அழுத்தினான்.

ஆ, அங்கே நடுவரிசையில் ஓர் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். புரிந்துவிட்டது அவருக்கு. புரியாமல் இருக்குமா? நாம் யார்? வாழ்நாள் முழுக்க நாம் எங்கே நிற்கிறோம்? வாடிக்கையாளருக்குப் பின்னால். அவர் இடக்காது எங்கே? நம் இடப்பக்கம். கண்ணாடியில் தெரியும் இடக்காது? அதுவும் நம் இடப்பக்கம். இடதுபக்கம் இன்னும் கொஞ்சம் குறைங்க என்று அவர் சொன்னால் நாம் யோசிக்கிறோமா? கை தானாகப் போகிறது. ஒருவர் நமக்கு எதிரே உட்கார்ந்தால் அவர் இடது நம் வலப்பக்கம் வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், பல்பொடி விற்பவருக்குத் தெரியும். நமக்குத்தான் கைக்கு வராது. வேறு எந்தத் தொழிலாளி செய்திருந்தாலும் ஒருமுறை தப்பி மறுமுறை சரியாக வந்திருக்கும். இவன் நம் ஆள் அல்லவா? ஒரு வாரம்கூடப் பிசகாமல், அப்பழுக்கில்லாமல், ஒவ்வொரு முறையும் மாற்றியே ஒட்டியிருக்கிறான். தொழில் சுத்தம் என்றால் இதுவல்லவா தொழில் சுத்தம்!

அதைக் கண்டுபிடித்தது மருத்துவர் அல்ல. பட்டாசு. ஒரு முழங்கை ஆறிய பிறகு அவளுக்குத் தன் தோலைப் பார்க்கும் துணிச்சல் கொஞ்சம் வந்திருந்தது. அன்றுதான் விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். "என்னங்க, அது என் வலது கை" என்றாள். அவன் உறையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், இதுதானே இடது என்று முணுமுணுத்தான். மருத்துவர் எழுந்து, மேசையைச் சுற்றிவந்து அவன் பக்கம் நின்று பார்த்தார். அப்புறம் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். பதில் தெரிந்த கேள்விதான், தெரிந்துகொண்டே கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் கேளுங்கள். அந்த அம்மா அத்தோடு விட்டாரா? சரி, மாறிவிட்டது, திருத்திக்கொள்கிறேன் என்று பேனாவை எடுத்தாரா? எடுக்கவில்லை. நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் என் நம்பிக்கையை எழுத முடியாது, தோல் சொல்லட்டும் என்றார். மேலே கேட்டு அனுமதி வாங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை செவிலியர் கையால், முழங்கையில் பேனாவால் குறி போட்டு. இடது உறை இடது கைக்கே. ஆறினால் அடுத்த கட்டம். ஆறாவிட்டால் அவ்வளவுதான், இனிப் பேச்சில்லை.

அந்த வாரங்கள் எங்களுக்கு எப்படிப் போயின என்று சொல்லவா? பட்டாசு தினமும் காலையில் சட்டையை மடித்துக் கண்ணாடி முன்னால் நிற்பாள். என் தம்பி தலைவாரும் சாக்கில் பக்கத்தில் நிற்பான். முதலில் மாறியது இடது கை அல்ல. ஏற்கெனவே ஆறிய வலது முழங்கையின் ஓரத்தில் மறுபடி லேசாகச் சிவந்தது. அதைப் பார்த்து அவள் கடைக்குள் கைதட்டினாள். "இதுல இப்ப மருந்து இல்லக்கா, அதான் திரும்ப வருது. அப்ப முன்னாடி இருந்துச்சுல்ல?" என்றாள். நோய் திரும்பியதற்குக் கைதட்டிய நோயாளியை நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்தடுத்த வாரங்களில் இடது முழங்கை தெளியத் தொடங்கியது. மருத்துவர் தொட்டுப் பார்த்தார். ஒளியில் திருப்பிப் பார்த்தார். எழுதினார். பட்டாசு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் கொஞ்சம் நிறுத்துங்கள், நான் இதற்காக மேடை ஏறவில்லை.

போன வாரம் செயற்குழுவில் ஒருவர் என்னிடம் அன்போடு சொன்னார். அதுதான் குணமாகிக்கொண்டு வருகிறதே, கழுத்துக்கும் அந்த ஒட்டைப் போட்டுவிட்டால் தீர்மானம் அவளைத் தொடவே தொடாதே, பிறகு ஏன் எதிர்க்கிறீர்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் பின்கழுத்தில், முடி முடியும் இடத்தில், பெரிதாக ஒரு செதில் திட்டு இருக்கிறது. குனிந்து வேலை செய்தால் எல்லார் கண்ணிலும் அதுதான் படும். நானும் அவர் சொன்னதையே நினைத்தேன். என் தம்பியும் நினைத்தான். மருத்துவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஒரு சமயத்தில் ஓர் இடத்துக்குத்தான் மருந்து, முதலில் எந்த இடத்துக்கு ஒட்டலாம் என்று அவர் கேட்டபோது எங்கள் மூவர் கண்ணும் அவள் கழுத்துக்கே போனது. தீர்மானம் வரப்போவது அவளுக்கும் தெரியும்.

பட்டாசு செருப்பைக் கழற்றினாள். குதிகாலைத் தூக்கிக் காட்டினாள். வெடித்து, பிளந்து, நடந்தால் ரத்தம் கசியும் குதிகால். அதுவும் இதே நோய்தான். காலுறைக்குள் இருப்பதால் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. குதிகாலின் தோல் கனமானது, அங்கே ஒட்டு சரியாக வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது, கழுத்தென்றால் சீக்கிரம் ஆறும், யோசித்துச் சொல் என்றார் மருத்துவர். அவள் யோசிக்கவில்லை.

"கழுத்து பாக்கறவங்களுக்குத்தான் கஷ்டம், டாக்டர். எனக்கு வலிக்கறது கால்தான். நான் நின்னு வேலை செய்யணும்."

கேட்டீர்களா? நான் நின்று வேலை செய்ய வேண்டும் என்றாள். நீங்கள் இன்று கொண்டுவரும் தீர்மானம் அவள் நிற்கக் கூடாது என்கிறது. நிற்பதற்காகவே தன் மருந்தை அவள் காலுக்குக் கேட்டாள். பிறர் கண்ணுக்கு ஒரு மருந்து, தன் வலிக்கு ஒரு மருந்து; இரண்டில் ஒன்றுதான் இப்போது என்றால், அவள் தன் வலியைத் தேர்ந்தெடுத்தாள். எனக்கு அன்று அவள்மேல் வந்த மரியாதையைச் சொல்ல வார்த்தை இல்லை. அவளுக்கு மூத்தவள் நான்; எனக்கு அந்தத் தெளிவு வரவில்லை.

குணமான பிறகு வா என்கிறோமே, நண்பர்களே, ஒட்டாத நோய் குணமாகும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அந்த ஒட்டு வெல்லட்டும், வெல்லும் என்று நம்புகிறேன். நாளை அது எத்தனையோ பேர் தோலை ஆற்றும் என்று நம்புகிறேன். ஆனால் அது வென்றால்தான் அவள் நிற்கலாம் என்றால், இன்னும் மருந்து எட்டாதவர்கள் எங்கே போவார்கள்? இந்த அரங்கத்திலேயே, இந்த வெக்கையிலும் மணிக்கட்டுவரை சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

முழங்கையை மருத்துவர் பார்த்துக்கொண்டார். குதிகாலை அவள் பார்த்துக்கொள்கிறாள். மீதி இருப்பது கழுத்து. அதற்கு ஊசி வேண்டாம், ஒட்டு வேண்டாம். கழுத்துக்கான மருந்து உங்கள் கையில் இருக்கிறது. தலைவர் தீர்மானத்தை வாசித்து, ஏற்பவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்வார். அப்போது அந்தக் கையைத் தயவுசெய்து மடியிலேயே வைத்திருங்கள்.

பட்டாசு இன்று வரவில்லை. வா என்று கூப்பிட்டேன். கடையில் ஆள் காத்திருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். நான் கிளம்பும்போது பத்திரிகைகளை அள்ளிப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டு, தன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கழுத்து அப்படியே தெரிந்தது. ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும் சிரிக்கக் கூடாத இடத்தில் அடக்கியும் துணைநின்ற தாய்மார்களுக்கும், கடிகாரத்தைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட தலைவர் அவர்களுக்கும், தன் தவற்றை இத்தனை பேர் முன்னால் சொல்ல அனுமதித்த என் தம்பிக்கும் நன்றி கூறி, உங்கள் மடியில் அமைதியாக இருக்கப்போகும் அத்தனை கைகளையும் இப்போதே வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.